சண்டிகர் ராக் கார்டன்: ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் ரகசியமாகக் கட்டிய ஊர்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ரவுண்டானா நடுவே ஒரு பெரிய காளை. பைக் செயின், பல்சக்கரம், ஸ்பானர், பழைய ஸ்பிரிங் எல்லாம் சேர்த்துப் பற்றவைத்துச் செய்தது. "சார், காயலான் கடைச் சாமானில் சிலை செய்யும் பழக்கம் எப்போது வந்தது?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இந்த மாதிரிச் சிலைகள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. நகராட்சி டெண்டர் விடுகிறது, ஒப்பந்தக்காரர் செய்கிறார், பெரிய மனிதர் யாராவது வந்து திறந்து வைக்கிறார். ஆனால் இந்த வேலையை நம் நாடே திரும்பிப் பார்க்கும்படி செய்தவருக்கு டெண்டரும் கிடையாது, அனுமதியும் கிடையாது. அரசு வேலையில் இருந்துகொண்டு, அரசு நிலத்தில், அரசுக்குத் தெரியாமல் செய்தார். அவர் பெயர் நேக் சந்த். அவர் செய்தது சண்டிகரில் இருக்கும் ராக் கார்டன்.

அவர் கதையை 1947-லிருந்து சொன்னால்தான் புரியும். சமூக அறிவியல் பாடத்தில் இந்தியப் பிரிவினையை நாம் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் கோடிப் பேருடைய வீடு இருந்தது.

நேக் சந்த் சைனி 1924 டிசம்பர் 15 அன்று பிறந்தவர். ஊர் பெரியான் கலான், ஷகர்கர் தாலுகா, அன்றைய குர்தாஸ்பூர் மாவட்டம். விவசாயக் குடும்பம். 1947 ஆகஸ்ட் 15-ல் நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. ஆனால் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதை ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிட்டார்கள். இரண்டு நாள் அந்த மக்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே இருந்தார்கள். கோடு வெளியானபோது குர்தாஸ்பூர் மாவட்டத்தில் மற்ற தாலுகாக்கள் எல்லாம் இந்தியாவுக்கு வந்தன. ராவி நதிக்கு அந்தப் பக்கம் இருந்த ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. அப்போது நேக் சந்துக்கு 22 வயது. குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பி வந்தார்.

அதே பிரிவினையில் பஞ்சாபின் தலைநகரமான லாகூரும் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. கொஞ்ச காலம் சிம்லாவில் வைத்து ஓட்டினார்கள். பிறகு சிவாலிக் மலையடிவாரத்தில் புதிதாக ஒரு நகரமே கட்டிவிடுவது என்று முடிவானது. நேருவுக்கு அதில் பெரிய ஆர்வம். 1951-ல் பிரான்சிலிருந்து லெ கார்பூசியே என்ற கட்டடக் கலைஞர் வந்தார். உலகப் புகழ் பெற்றவர். நகரத்தைச் செக்டர் செக்டராகக் கட்டம் போட்டுப் பிரித்தார். சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் தலைமாட்டில் வரும். கடைவீதி நடுவில், இதயம் மாதிரி. எந்தச் சாலை எவ்வளவு அகலம், எந்த இடத்தில் எந்த மரம், எல்லாவற்றுக்கும் கணக்கு. 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்த நகரத்தைத் தொடங்கி வைத்தார்.

அந்த இடம் வெறும் பொட்டல்காடு இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அங்கே இருந்தன. வயல், கிணறு, மாந்தோப்பு, மாட்டுக்கொட்டகை என்று எல்லாம் இருந்த ஊர்கள். புது நகரத்துக்காக அவற்றைக் காலி செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள். ஒரு பக்கம் பிரிவினையில் ஊரை இழந்தவர்களுக்காகக் கட்டும் நகரம். இன்னொரு பக்கம் அதற்காக ஊரை இழந்த வேறு ஆட்கள். இந்த முரணைச் சண்டிகர் பற்றிய புத்தகங்களில் பலர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த 1951-ல்தான் நேக் சந்துக்கும் சண்டிகர் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. ரோடு இன்ஸ்பெக்டர். நம் ஊர் வழக்கில் சாலை ஆய்வாளர். பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஜல்லி வந்ததா, தார் டிரம் எத்தனை, கூலி ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கும் வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. நகரத்தில் எங்கே எதை இடிக்கிறார்கள், எங்கே எதைக் கொட்டுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

1957-ல் தொடங்கினார். பகலில் அரசாங்க வேலை. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மலையடிவார ஓடைகளிலும் காகர் ஆற்றுப் படுகையிலும் கிடக்கும் விசித்திரமான கற்களைப் பொறுக்குவார். பறவை மாதிரி ஒன்று, குரங்கு மாதிரி ஒன்று, குனிந்து நிற்கும் மனிதன் மாதிரி ஒன்று. சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவார். ராக் கார்டன் என்ற பெயர் பின்னால் வந்ததற்கு இந்தக் கற்கள்தான் காரணம். அதோடு, இடித்துப் போட்ட கிராமங்களிலிருந்தும் நகரத்துக் குப்பை மேடுகளிலிருந்தும் பொருள்களைச் சேர்த்தார். உடைந்த பீங்கான் கோப்பை, தட்டு. உடைந்த கண்ணாடி வளையல். குளியலறை ஓடு, வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான். மின்சார பியூஸ் கட்டை, பிளக், எரிந்துபோன டியூப்லைட். சைக்கிள் ஃபிரேம், ஹேண்டில்பார், மட்கார்டு, சீட். காலி தார் டிரம். சூளையில் அளவுக்கு மீறி வெந்து உருகி முறுக்கிக்கொண்ட செங்கல். வார்ப்புப் பட்டறையில் மிஞ்சிய இரும்புச் சிட்டம். முடிதிருத்தும் கடையில் கூட்டித் தள்ளிய தலைமுடியைக்கூட அவர் விடவில்லை.

இதையெல்லாம் வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் புதர் மண்டிய ஒரு காட்டுப் பள்ளம். மரம் வெட்டக் கூடாது, எதையும் கட்டக் கூடாது என்று அரசு ஒதுக்கி வைத்திருந்த நிலம். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருக்குச் சாதகம். பக்கத்திலேயே துறையின் சாமான் கிடங்கு இருந்ததால் அவர் அங்கே வந்து போவதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. புதரை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இடம் திருத்தினார். மின்சாரம் கிடையாது. பழைய டயரைக் கொளுத்தி வைத்து அந்த வெளிச்சத்தில் ராத்திரி வேலை பார்த்திருக்கிறார்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைவேலை வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு இது பிடிக்கும்.

ஒரு ஆள் உயரச் சிலைக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஏதாவது வேண்டும். கட்டடக்காரர் முறுக்குக் கம்பி போடுவார். இவர் பழைய சைக்கிள் பாகத்தையும் கிடைத்த இரும்புத் துண்டையும் வளைத்து உள்ளே வைத்தார். சைக்கிளின் முன்பக்க ஃபோர்க்கைக் கவிழ்த்து நிறுத்திப் பாருங்கள், இரண்டு கால் தயார். மட்கார்டு வளைந்த முதுகாகும். சீட்டைத் திருப்பிப் பிடித்தால் அப்படியே ஒரு விலங்கின் முகம். அதன்மேல் சிமென்ட்டும் மணலும் கழிவுத் துண்டுகளும் கலந்த கலவையை அப்பி உடம்பைத் திரட்டுவார். கடைசியாக மணல் சேராத வெறும் சிமென்ட்டை வழவழப்பாகப் பூசுவார். அந்தப் பூச்சு இறுகுவதற்குள் வளையல் துண்டையும் பீங்கான் துண்டையும் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். சிமென்ட் காத்திருக்காது. கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். நேரம் தப்பினால் துண்டு ஒட்டாது, அழுத்தினால் பூச்சு விரியும்.

சுவர்களுக்கு இன்னொரு வழி. காலி தார் டிரம்களை வரிசையாக அடுக்கி நிறுத்துவது. பீங்கான் பியூஸ் கட்டைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து ஒரு சுவர். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சரிகை போட்ட மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் சமாச்சாரம் என்று தெரியும்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் கழிவுப் பொருளில் கற்பித்தல் உபகரணம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். தீப்பெட்டி, ஐஸ் குச்சி, சோடா மூடி. நாங்கள் செய்ததெல்லாம் குப்பை என்று தெரியாதபடி மேலே வண்ணக் காகிதம் ஒட்டி மறைப்பது. பரிசோதிக்க வரும் அதிகாரிக்கு அதுதான் பிடிக்கும். நேக் சந்த் மறைக்கவே இல்லை. வளையல் வளையலாகவே தெரிகிறது. கோப்பையின் பிடி கோப்பைப் பிடியாகவே நிற்கிறது. ஒரு பெண் சிலையின் பாவாடை முழுக்கப் பச்சை, சிவப்பு வளையல் துண்டுகள். அது யார் கையில் இருந்த வளையலோ. ஊரைக் காலி செய்தபோது உடைந்ததோ, அதற்கு முன்பே உடைந்ததோ. இதை மறுசுழற்சிக் கலை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்குப் போதவில்லை. தன் ஊரைத் தொலைத்த ஒருவர், வேறு ஆட்கள் தொலைத்த ஊர்களின் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு ஊர் செய்திருக்கிறார். அப்படித்தான் நான் அதைப் படிக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இது ரகசியமாகவே இருந்தது. குடும்பத்தாரும் ஒன்றிரண்டு நண்பர்களும் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. 1970-களில் அரசுப் பணியாளர்கள் காட்டுக்குள் வந்தபோது விஷயம் வெளியானது. அதற்குள் ஏறக்குறைய 12 ஏக்கர். ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் முற்றங்கள். ஒவ்வொன்றிலும் நடனக்காரர்கள், வாத்தியக்காரர்கள், குடம் சுமக்கும் பெண்கள், யானை, குரங்கு, மயில்.

சட்டப்படி பார்த்தால் பெரிய குற்றம். ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஆக்கிரமிப்பு. செய்தது அரசு ஊழியர். சண்டிகரைச் சுற்றிக் கண்டபடி கட்டடம் எழும்பக் கூடாது என்று 1952-லேயே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். இடித்துவிட்டு ஆளை வேலை நீக்கம் செய்திருந்தால் கேட்பார் இல்லை. அதிகாரிகளுக்குள்ளேயே இடிக்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கட்சி. அதற்குள் செய்தி பரவி, மக்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் வந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் நேக் சந்த் பக்கம் சேர்ந்தார்கள்.

அதிகாரத்தில் இருந்தவர்களில் அவருக்குத் துணை நின்றவர் எம்.எஸ். ரந்தாவா. ஐ.சி.எஸ். அதிகாரி, தாவரவியல் படித்தவர், சண்டிகரின் மரங்களைத் திட்டமிட்டதில் பெரும்பங்கு உள்ளவர். அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபுக்கு வந்து சேர்ந்த அகதிகளின் மறுவாழ்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நிலம் இழந்து வந்த லட்சக்கணக்கான பேருக்கு நிலம் பிரித்துக் கொடுத்த கை. அவர் அந்தக் காட்டுக்குள் நின்று பார்த்தபோது, அது ஒரு ஆக்கிரமிப்பு என்பதற்கு மேல் வேறு ஏதோ தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1976-ல் ராக் கார்டன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசு நேக் சந்துக்குச் சம்பளம் கொடுத்து, 50 வேலையாட்களையும் கொடுத்தது. பதவிப் பெயர் என்ன தெரியுமா? 'துணைக் கோட்டப் பொறியாளர், ராக் கார்டன்'. இந்தியாவில் அந்தப் பதவியில் இருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நகரத்தில் ஆங்காங்கே உடைந்த பீங்கானுக்கும் கிழிந்த துணிக்கும் சேகரிப்பு மையம் வைத்தார்கள். சைக்கிளில் போய்ப் பொறுக்கியவருக்குக் குப்பை தேடி வந்தது. 1983-ல் தபால்தலை, 1984-ல் பத்மஸ்ரீ. பணியில் நாற்பது வருடம் இருந்து ஒரு பாராட்டுச் சான்றிதழும் வாங்காதவர்கள் என் பதிவைப் படிப்பீர்கள். வருத்தப்படாதீர்கள்.

லெ கார்பூசியே சண்டிகருக்கு ஒரு சாசனமே எழுதி வைத்திருக்கிறார். நகரத்திலோ பூங்காக்களிலோ தனிமனிதர் யாருக்கும் சிலை வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தெருவுக்கு நாலு சிலை பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான். அந்த நகரத்தின் உயர் நீதிமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான சிலைகள் முளைத்துவிட்டன. ஆனால் சாசனத்தையும் மீறவில்லை பாருங்கள்! ஒன்றுகூடத் தலைவர் சிலை இல்லை. எல்லாம் பேர் தெரியாத ஜனங்கள். கார்பூசியே கட்டியதும் பூசாத சிமென்ட் கான்கிரீட்டில், இவர் செய்ததும் சிமென்ட்டில். கூப்பிடு தூரத்தில் இரண்டும் இருக்கின்றன. 1965-ல் இறந்த கார்பூசியேவுக்குத் தன் நகரத்தின் ஓரத்தில் இப்படி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது தெரியாது. அப்போது அது ரகசியம்.

2019-ல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அமிர்தசரஸ், சிம்லா பக்கம் போனோம். வழியில் சண்டிகரில் அரை நாள். எனக்கு அது போதவில்லை. உள்ளே வாசல்கள் எல்லாம் தாழ்வு. பல இடத்தில் குனியாமல் போக முடியாது. என் உயரத்துக்கே அப்படி. எங்களோடு வந்த தலைமையாசிரியர் ஒருவர், "கட்டத் தெரியாமல் கட்டியிருக்கிறார்" என்றார். வேண்டுமென்றே வைத்தது அது. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் தலை குனிந்து வரட்டும் என்பது கணக்கு. இப்போது நாற்பது ஏக்கர் அளவுக்கு விரிந்துவிட்டது. அருவி, நீர்க்கால்வாய், பெரிய வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல் எல்லாம் பிறகு சேர்ந்தவை. ஊஞ்சல் பக்கம் கூட்டம் அதிகம், எனக்கு அந்தப் பகுதி அவ்வளவு ஒட்டவில்லை. முதல் பகுதியில், சரிவில் வரிசை வரிசையாக நிற்கிற உருவங்களைப் பார்த்ததும் நம் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் குதிரை வரிசைதான் ஞாபகம் வந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பது மாதிரி.

நேக் சந்துக்கு முன்பே உலகத்தின் இன்னொரு மூலையில் இதே மாதிரி ஒருவர் இருந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் இல்லை. அவர் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பரீட்சை வருகிறது.

சைமன் ரோடியா. இத்தாலியிலிருந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். கட்டட வேலை, ஓடு பதிக்கும் வேலை. 1921-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வாட்ஸ் பகுதியில் ரயில் பாதை ஓரம் ஒரு முக்கோணத் துண்டு நிலம் வாங்கினார். அதில் தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். 33 ஆண்டு. சாரம் கிடையாது, பற்றவைப்பு கிடையாது, போல்ட் நட்டு கிடையாது. இரும்புக் கம்பியை ரயில் தண்டவாளத்தில் சொருகி வளைப்பார். வளைத்த கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பி வலை சுற்றி, சிமென்ட் பூசி, அதில் உடைந்த ஓடு, பச்சைச் சோடா பாட்டில், கிளிஞ்சல் எல்லாம் பதிப்பார். முதலில் கட்டிய பகுதியையே ஏணியாக்கி ஏறி அடுத்ததைக் கட்டுவார். உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 100 அடி. அவர் வைத்த பெயர் 'நுவெஸ்ட்ரோ புவெப்லோ'. ஸ்பானிய மொழியில் 'நம் ஊர்' என்று அர்த்தம்.

1955-ல் நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. பொறியியல் கணக்கு இல்லாமல் கட்டியது, விழுந்துவிடும், இடியுங்கள் என்று நகராட்சி உத்தரவு போட்டது. 1959-ல் இரண்டு இளைஞர்கள் 3,000 டாலருக்கு அந்த இடத்தை வாங்கி உத்தரவை எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு பரீட்சை வைப்பது என்று ஒப்பந்தம். 1959 அக்டோபர் 10 அன்று கோபுரத்தில் வடம் கட்டி 10,000 பவுண்டு விசையில், அதாவது நாலரை டன் அளவுக்கு, பக்கவாட்டில் இழுத்தார்கள். கோபுரம் அசையவில்லை. இழுத்த இயந்திரத்தின் இரும்புக் கைதான் வளைந்தது. நகராட்சி உத்தரவைத் திரும்பப் பெற்றது. 1965-ல் வாட்ஸ் பகுதியில் பெரும் கலவரம் நடந்து கடைகள் எரிந்தபோதும் கோபுரங்களை யாரும் தொடவில்லை. ரோடியா அதற்குச் சில வாரம் முன்புதான் காலமாகியிருந்தார்.

ரோடியாவின் கோபுரத்துக்கு ஒரே பரீட்சை. ராக் கார்டனுக்கோ பரீட்சைக்கு மேல் பரீட்சை. புகழ் வந்துவிட்டது, விருது வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்போம் இல்லையா? 1990 வாக்கில், முக்கியப் பிரமுகர்கள் போக ஒரு சாலை வேண்டும் என்று புல்டோசர் வந்தது. நகர மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று மறித்தார்கள். 1996-ல் நேக் சந்த் வெளிநாட்டுக்குச் சொற்பொழிவுப் பயணம் போயிருந்த சமயம், நகர நிர்வாகம் பணத்தை நிறுத்திவிட்டது. விஷமிகள் உள்ளே புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அதன்பின் ராக் கார்டன் சொசைட்டி என்ற அமைப்பு பராமரிப்பைக் கையில் எடுத்தது. வெளிநாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து பழுது பார்க்க உதவினார்கள்.

வெளிநாட்டில் அவருக்கு மதிப்பு உண்டு. 1980-களில் வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சிலைத் தோட்டம் செய்து கொடுத்தார். 2004-ல் அந்த அருங்காட்சியகம் அந்த இடத்தை விட்டதும் தோட்டமும் போயிற்று. அவருடைய சிலைகளில் பெரிய தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜான் மைக்கேல் கோலர் கலை மையத்தில் இருக்கிறது. கோலர் என்றால் யார்? வாஷ்பேசினும் கக்கூஸ் பீங்கானும் செய்யும் அதே கோலர் கம்பெனியை ஆரம்பித்தவர். உடைந்த பீங்கானில் செய்த சிலை பீங்கான்காரர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன்.

இப்போது டெண்டர் சிலைகள் பக்கம் வருகிறேன். டெல்லியில் நிஜாமுதீன் பக்கம் 2019 பிப்ரவரியில் 'வேஸ்ட் டு வொண்டர்' என்று ஒரு பூங்கா திறந்தார்கள். சுமார் 150 டன் இரும்புக் கழிவில் உலக அதிசயங்கள் ஏழு. தாஜ்மகால், ஈஃபில் கோபுரம், எகிப்து பிரமிடு, பைசா சாய்ந்த கோபுரம், ரோம் கொலோசியம், சுதந்திர தேவி, ரியோவின் இயேசு சிலை. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், பற்றவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் சந்தோஷப்படுவார்கள். குப்பை மேட்டுக்குப் போக வேண்டிய இரும்பு நிழல் தரும் இடத்தில் நிற்பது நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு குறை. அந்த இரும்பு எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்த பஸ்ஸின் பாகம் என்று எதுவும் அதில் தெரிவதில்லை. எடை போட்டு வாங்கிய பொருள். எதை வைத்து வேண்டுமானாலும் ஈஃபில் கோபுரம் செய்யலாம். ராக் கார்டனை வேறு எந்தக் குப்பையை வைத்தும் செய்ய முடியாது. சண்டிகரின் குப்பை அதற்கு வேண்டும். ரவுண்டானா காளைப் படம் அனுப்பிய தம்பிக்கு என் பதிலும் இதுதான். அந்தக் காளையை உருவாக்கிய சங்கிலியும் பல்சக்கரமும் எந்த ஊர்ப் பட்டறையில் தேய்ந்தவை என்று செய்தவரிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரிந்தால் அவர் பெயரை எனக்கு அனுப்புங்கள்.

நேக் சந்த் 2015 ஜூன் 12 அன்று காலமானார். வயது 90. கடைசி ஆண்டுகள் வரை தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பாராம், வருகிறவர்களிடம் பேசுவாராம்.

அடுத்த ஆண்டு, 2016-ல், லெ கார்பூசியே கட்டிய சட்டமன்றம், செயலகம், உயர் நீதிமன்ற வளாகத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த வளாகத்துக்குப் பக்கத்து வீடான ராக் கார்டனுக்கு அந்தக் காப்பு கிடையாது. 2025 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்துக்கு வருகிற கார்களை நிறுத்த இடம் போதவில்லை, சாலையையும் அகலப்படுத்த வேண்டும் என்று, ராக் கார்டன் சுவரின் ஒரு பகுதியை இயந்திரம் வைத்து இடித்தார்கள். மரங்களும் போயின. பழையபடி மக்கள் பதாகை பிடித்துக்கொண்டு போய் நின்றார்கள். இந்த முறை போனவர்களில் பலர், 1990-ல் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே விளையாடிய வயதுக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

சண்டிகர், மொஹாலி, பஞ்ச்குலா பக்கம் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ராணுவத்தில் அந்தப் பக்கம் இருப்பவர்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். முதல் பகுதியை அவசரப்படாமல் பாருங்கள். வெளியே வந்ததும் உயர் நீதிமன்றப் பக்கம் நடந்துபோய், சுவரை இடித்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று நாலு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.